இடது பக்கம் பாடாது

நான் ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் சோதனைக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை நீக்கவில்லை. மரியாதையாக இருக்கலாம், மறதியாகவும் இருக்கலாம். போன மாதம் அதில் ஒருத்தி, "மேடம், உங்க சர்வீஸ்லயே நீங்க பெருமைப்படற டிசைன் எது?" என்று கேட்டாள். "இடது பக்கம் பாடாத ஓர் இயர்போன்" என்று பதில் போட்டேன். கைகூப்பும் பொம்மை இரண்டு வந்தது, சிரிக்கும் பொம்மை நிறைய வந்தது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதால் உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று.

பிறந்தது அம்மையார்குப்பத்தில், நெசவுக்காரர் வீட்டில். பெயர் சரஸ்வதி. நைனாவுக்குத் தறி, அம்மாவுக்கு ராட்டை, அக்கா தேவகிக்கு இரண்டும். எனக்கு மட்டும் பாலிடெக்னிக் கிடைத்ததற்கு என் அறிவு காரணமல்ல. தறியில் உட்கார்ந்தால் நான் அறுத்துவைக்கும் நூலை முடிபோடவே தனியாக ஓர் ஆள் தேவைப்பட்டது. குடும்பத்துக்கு நஷ்டம் வேண்டாமென்று நைனா என்னைப் படிக்க அனுப்பினார். டிப்ளமோ முடித்து, கல்யாணமாகித் திருத்தணியில் குடியேறி, அங்கிருந்து மின்சார ரயிலில் அம்பத்தூருக்கு வேலைக்குப் போனேன். தொலைபேசி ரிசீவருக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரைச் செய்த கம்பெனி. பிறகு செல்போன் வந்தது, அந்த வியாபாரம் படுத்தது, நாங்கள் காதுக்குள் செருகும் இயர்போனுக்கு மாறினோம். ரயிலில் கூவி விற்பவரிடம் இயர்போன் வாங்கி, திருவள்ளூர் வருவதற்குள் நகவெட்டியால் பிரித்து, மடியில் பரப்பிப் பார்ப்பேன். என் மேற்படிப்பு அதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இயர்போன் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான். உள்ளே நடப்பது கூட்டுக்குடும்பச் சண்டை. ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும். நுனியில் இருக்கும் ரப்பர் காதை இறுக்கமாக அடைத்தால் பாட்டின் அடிச்சத்தம், அதாவது தவில், மிருதங்கம், டிரம்ஸ் எல்லாம் கும்மென்று இறங்கும். அடைப்பில் கொஞ்சம் இடைவெளி விட்டால் அவ்வளவும் ஒழுகிப்போய், கல்யாண மேளம் தகர டப்பா தட்டுவதுபோல் கேட்கும். சரி, இறுக்கமாகவே அடைப்போம் என்றால் வேறொரு தொல்லை. காதை அடைத்துக்கொண்டவருக்குத் தன் உடம்பின் சத்தமே பெரிதாகக் கேட்கும். நடந்தால் காலடி மண்டையில் இடிக்கும், மென்றால் அரைவை மில் ஓடும். இதற்காக இயர்போனின் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை போடுவோம். துளை பெரிதானால் தவில் போச்சு, சின்னதானால் மில் ஓடும். நான் வாங்கிய சம்பளத்தில் பாதி இந்தத் துளைக்காக.

அந்தத் துளைக்குத் தெய்வம் எங்கள் சோதனைக்கூடத் தலைவர் கோதண்டம் சார். வண்ணாரப்பேட்டைக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்களிடம் செயற்கைக் காது என்று ஒரு கருவி உண்டு. இரும்பு உருளைக்குள் ஒரு மைக், அவ்வளவுதான். இயர்போனை அதில் செருகினால் திரையில் கோடு போட்டுக் காட்டும். சார் அந்தக் கோட்டைப் பார்ப்பார், தலையாட்டுவார், ஆனால் நம்பமாட்டார். "இந்தக் காது யார்கிட்டயும் திட்டு வாங்கினது இல்ல. இத நம்பி இன்னாத்த வெளிய அனுப்பறது?" என்பார்.

ஆகவே இரும்புக் காது தேர்ச்சி தந்த பிறகு முறுக்குச் சோதனை. மேசை ஓரத்தில் ஒரு தகர டப்பா. அதில் திருத்தணி மார்க்கெட்டில் ஒரே கடையில் நான் வாங்கிவரும் கைமுறுக்கு. சார் முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சட்டைப் பையில் வைப்பார். பிறகு செருப்பைக் கழற்றுவார். இயர்போனைச் செருகி, பாட்டைப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு முறுக்கைக் கடிப்பார். முறுக்கைத் தாண்டிப் பாட்டு கேட்டால் அவருடைய வலது கால் கட்டைவிரல் தாளம் போடும். தாளம் நின்றால் அந்த இயர்போன் தோற்றுவிட்டது என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்தவர்கள் சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நாங்கள் காலைப் பார்ப்போம். மழைக்காலத்தில் முறுக்கு நமுத்துப்போனால் சோதனை தள்ளிவைக்கப்படும். ஒருமுறை கடைக்காரர் எண்ணெயை மாற்றிவிட்டார். எங்கள் அளவுகளெல்லாம் குழம்பிப்போய், நான் போய் அவரிடம் பழைய எண்ணெய்க்கே திரும்பச் சொல்லிக் கெஞ்சினேன். அவருக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனி ஒரு மலிவு இயர்போன் போட்டது. ஒயர் உள்ளது, செல்போன் வைத்திருக்கும் எவரும் யோசிக்காமல் வாங்கக்கூடியது. நன்றாக விற்றது. கொஞ்ச நாளில் சாக்கு மூட்டையில் திரும்பியும் வந்தது. பல ஊர்களிலிருந்து பல குறையோடு வந்தால் அது இயற்கை. இதுவோ ஒரே கடையிலிருந்து, ஒரே குறையோடு வந்தது: இடது பக்கம் மெதுவாகக் கேட்கிறது. அந்தக் கடை திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாபு என்பவரின் செல்போன் கடை. ஆபீசில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், ஏதோ நானே இடப்பக்கத்தைக் கடித்து அனுப்பியதுபோல.

விற்பனைப் பிரிவு மேலாளர் ஒரு கூட்டம் போட்டார். அவர் நல்ல மனிதர், ஆனால் காரணம் தெரியாவிட்டால் உடனே ஒன்றைச் செய்துவிடுவார். திருத்தணி மலைக்கோயிலில் மொட்டை போட்டுத் தலையில் சந்தனம் பூசிக்கொள்கிறார்கள், அந்தச் சந்தனம் வழிந்து இயர்போனின் வலையை அடைத்துவிடுகிறது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கோதண்டம் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, முருகன் பக்தர்கள் இடது காதுப் பக்கம் மட்டும் பூசிக்கொள்ளும் வழக்கம் உண்டா என்று என்னிடம் விசாரித்தார். இல்லை என்றேன். சந்தனம் அத்தோடு காய்ந்தது. அடுத்து, இடப்பக்க ஸ்பீக்கர் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை மேல் பழி விழுந்தது. உற்பத்தியை நிறுத்தி வைத்தார்கள்.

திரும்பி வந்தவற்றை நான் ஒவ்வொன்றாக இரும்புக் காதில் போட்டேன். இடதும் வலதும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே கோடு. சார் தானே போட்டுக் கேட்டார். முறுக்கு தீர்ந்தது, கட்டைவிரல் நிற்கவில்லை.

"இரும்புக் காது நல்லாகீதுன்னுது. மனுசன் காது இல்லன்னுது. யாரோ ஒர்த்தர் பொய் சொல்றாங்க சரஸ்வதி," என்றார்.

பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. வலப்பக்க வலையில் காதுக்குரும்பியும், அதில் ஒட்டிய நூல் பிசிறும் இருந்தன. நீலம், அரக்கு, மயில் கழுத்து என்று சாயம் போட்ட பிசிறு. எங்கள் வீட்டுச் சோற்றிலேயே அந்தப் பிசிறு கிடந்திருக்கிறது, எனக்கு அடையாளம் தெரியாதா? இடப்பக்கமோ பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது. அதைக் காதிலேயே வைக்கவில்லை. வைக்காத பக்கம் வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்கிறார்கள்? எனக்குக் கோபம் வந்தது. சும்மா புதுசு மாற்றிக்கொள்ள எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம் என்று முடிவு கட்டி, பாபுவை ஒரு பிடி பிடிக்கக் கிளம்பினேன்.

பாபு அசரவில்லை. கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "என்ன எதுக்குக்கா கேக்கறீங்க? மாத்திகினு போறவங்கள்ல மொத ஆளே உங்க பாவா தான். அவரப் போய்க் கேளுங்க."

பாவா என்றால் தேவகி அக்காவின் வீட்டுக்காரர், முனிரத்தினம். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். ஊரில் யாருக்குமே விட்டுக்கொடுக்காதவர், தான் தப்பு என்று ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. ஒருமுறை பஸ் மாறி ஏறிச் சித்தூர் போய் இறங்கிவிட்டு, ஏதோ அங்கே வேலை இருந்ததாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பவர். பழைய சினிமாப் பாட்டு என்றால் உயிர். பாட்டு ஓடாவிட்டால் தறி ஓடாது என்பார். மறுநாள் அவருடைய தறிக்கொட்டகைக்குப் போனேன்.

விசைத்தறிக் கொட்டகைக்குள் யாரும் பேசமாட்டார்கள், கையால்தான் பேச்சு. பாவு என்கிற நெடுக்கு நூல்களுக்குள்ளே குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு, இரு ஓரத்துப் பெட்டிகளுக்கும் இடையே அடிபட்டு ஓடும் கட்டைக்கு நாடா என்று பெயர். அந்த நாடா அடிபடும் சத்தம்தான் நெஞ்சுக்குள் விழும். பாவா வலது காதில் இயர்போன் போட்டிருந்தார். இடது பக்கத்தது பனியன் மேல் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. பார்த்தால் கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் அப்படியே. வலது காதில் பாட்டு, இடது காது திறப்பு. அவரை வெளியே இழுத்துவந்து, ஏன் இரண்டையும் போடவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டயும் போட்டா தறிய யாரு கேக்கறது?" என்றார். "நாடா பொட்டில சரியா உக்கார்லன்னா சத்தம் மாறும். கேட்டு ஒடனே நிறுத்தணும். இல்லன்னா பாவக் கிழிச்சிகினு போவும், சமயத்துல பறந்தே வந்துரும். பாட்டு ஒரு காதுக்கு, தறி ஒரு காதுக்கு. ஆங், மோட்டார் இருக்கறது லெஃப்ட் சைடு. அதால லெஃப்ட் காது தறிக்கு."

சுற்றுவட்டாரக் கொட்டகைகளுக்கெல்லாம் தறி பூட்டியது ஒரே மேஸ்திரி. எல்லா இடத்திலும் மோட்டார் இடப்பக்கம். ஆக ஊர் முழுக்க இடது காது தறிக்கு என்று எழுதிவைத்தாகிவிட்டது. அப்படியானால் இடப்பக்கம் மெதுவாக இருப்பது எப்போது தெரிந்தது என்று கேட்டேன். லீவு நாளில் வீட்டில் படுத்துக்கொண்டு இரண்டு காதிலும் போட்டுக் கேட்டபோது என்றார். அப்போதே என் தந்திரக் கணக்கு லேசாக ஆட ஆரம்பித்தது.

வீட்டுக்குப் போனோம். அக்கா சோறு போட்டாள். சாப்பிட்ட பிறகு பாவா இரண்டு காதிலும் செருகி, பாட்டைப் போட்டு, பார் இடது மெதுவாக இருக்கிறது என்று வெற்றியோடு காட்டினார். எங்கள் சோதனைக்கூடத்தில் இந்தப் புகாருக்கு முதல் வேலை மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இடது காதுக்கு உரியதை வலதிலும், வலதுக்கு உரியதை இடதிலும் செருக வேண்டும். பொருளில் பழுதென்றால் பழுது இடம் மாறும். இதை நாங்கள் எல்லாருமே செய்திருந்தோம், எங்கள் காதில். வாங்கியவரின் காதில் செய்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பாவாவின் காதில் நானே மாற்றிச் செருகினேன். இப்போது எந்தப் பக்கம் மெதுவாக இருக்கிறது என்று கேட்டேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டார். "ரைட்டு நல்லாகீது. லெஃப்ட் தான் மெதுவா," என்றார்.

அக்கா எச்சில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்கு எங்கள் கம்பெனியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் என் முகம் தெரியும். சின்ன வயதில் நான் நூலை அறுத்துவிட்டுத் திரும்பும்போது பார்த்த முகம். பாவா மட்டும் கலங்கவில்லை. "அப்ப ரெண்டுமே லெஃப்ட் வச்சிட்டானுங்க போல உங்க கம்பெனில," என்றார்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்தச் சாக்கு மூட்டை கண்முன் வந்தது. திரும்பி வந்தது இயர்போன் இல்லை, எங்கள் ஊர்க்காரர்களின் இடது காதுகள். நான் அவற்றைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, திருட்டுப் பசங்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

காது டாக்டரிடம் வரச்சொன்னால் பாவா வரமாட்டார். கம்பெனி இயர்போனைச் சோதிக்க ஒரு காது வேண்டும், உங்கள் காதைவிட நல்ல காது எனக்குத் தெரியாது என்று புகழ்ந்து, நானும் அக்காவும் திருத்தணிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் ஒரு பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார். வலது காதுக்குப் பாவா மடமடவென்று அமுக்கினார். இடதுக்கு வந்தபோது கை சும்மா கிடந்தது. பிறகு அவர் ஹெட்போனைக் கழற்றி, "டாக்டர், உங்க மிஷின்லயும் லெஃப்ட் ரிப்பேர்ங்க," என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த முருகனைப் பார்த்தேன். முருகன் வள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தறிச்சத்தத்தால் இடது காதில் போனது போனதுதான், திரும்பாது என்று டாக்டர் சொன்னார். வலது காது இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் தறியை மீறிக் கேட்க வேண்டுமென்று இப்படிப் பாட்டை முழு சத்தத்தில் வைத்தால் அதுவும் இதே வழியில் போகும். அவர் சொல்லும்போது பாவா இடது காதை அவர் பக்கம் திருப்பி உட்கார்ந்து, முருகனையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பிடிக்காத சேதி வந்தால் இடது காதைக் காட்டுவது அவர் அப்போதே பழகியிருந்த வித்தை. வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஒண்ணயாச்சும் காப்பாத்திக் குடு சரசு," என்றாள். அக்கா என்னிடம் எதையும் கேட்டவளில்லை. அந்த ஒரு காதும் போனால் பாட்டும் போகும், தறியும் போகும், அவளுடைய திட்டும் போகும். கடைசியை அவர் இழப்பாக நினைக்கமாட்டார், அது வேறு விஷயம்.

ஆபீசில் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பட்டறைமேல் பழி நீங்கியது, உற்பத்தி தொடங்கியது. விற்பனை மேலாளருக்கு உடனே யோசனை உதித்துவிட்டது. திருத்தணி வட்டாரத்துக்கு அனுப்பும் சரக்கில் மட்டும் இடதின் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டால் புகார் வராது என்றார். கணக்குப்படி சரிதான், வராது. கோதண்டம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாட்டும் இல்லாமல் இயர்போனும் இல்லாமல் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தார். நான் அவருடைய காலைப் பார்த்தேன். கட்டைவிரல் அசையவில்லை.

"இந்த வருசம் கொஞ்சம் தூக்குவீங்க. காது இன்னும் போவும். அடுத்த வருசம் இன்னும் கொஞ்சம் தூக்குவீங்க. அப்புறம் இயர்போன் எதுக்கு சார், கண்ணாலத்துக்குக் கட்ற குழாய் ஸ்பீக்கரவே காதுல சொருகிட்லாம்," என்றார். மேலாளர் சிரித்துவிட்டார், யோசனையும் செத்தது.

சார் என் பக்கம் திரும்பி, அந்த மனிதருக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். நான் சொன்னேன்: வலது காதில் பாட்டு வேண்டும், ஆனால் குறைந்த சத்தத்தில். அதற்கு வலது ரப்பர் நன்றாக அடைத்து, தறியை வெளியே நிறுத்த வேண்டும். இடது காதுக்குப் பாட்டே வேண்டாம். ஆனால் திறந்தும் கிடக்கக்கூடாது, முழுக்க அடைபடவும் கூடாது. அந்தக் காதில் தறியின் சத்தம் வடிந்து, தணிந்து இறங்க வேண்டும். சார் டப்பாவை மூடித் தள்ளிவைத்தார். பிறகு, திரும்பி வந்த மூட்டை எங்கே என்று கேட்டார்.

அந்த இயர்போன்களைப் பிரித்தோம். இடப்பக்கத்து ஸ்பீக்கரைப் பிடுங்கிப் போட்டோம். காலியான கூட்டில் ரப்பர், வலை, ஒரு துளை, அவ்வளவுதான். பாட்டில் குரல் ஒரு பக்கமும் வயலின் இன்னொரு பக்கமும் பிரிந்து வரும் என்பதால், இரண்டு பக்கத்துக் கம்பிகளையும் சின்ன ரெசிஸ்டர் வழியாக வலப்பக்கத்திலேயே சேர்த்துவிட்டோம். அதுவரை பாவா பாதிப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சண்டை பழையபடி துளைக்கு வந்தது. துளை பெரிதென்றால் தறி உள்ளே வந்துவிடும், சின்னதென்றால் நாடா பிசகுவது கேட்காது. இதற்கு முறுக்கு பயன்படாது. இரும்புக் காதுக்கு நெசவு தெரியாது. பாவாவின் இடது காதை நம்ப முடியாது. மிச்சம் இருந்தவள் அக்கா. வீட்டில் நூல் சுற்றுகிறவள், கொட்டகைக்குள் அதிகம் போகாதவள், ஆனால் பிறந்ததிலிருந்து தறிச்சத்தத்தில் வளர்ந்தவள். ஊர்க்கதை எதுவும் தப்பாத காது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தறியை மட்டும் ஓட்டினோம். அக்கா தறிக்கு முதுகைக் காட்டி, இயர்போன் போட்டு நின்றாள். பாவா வேண்டுமென்றே நாடாவை அடிக்கும் தோல்வாரைத் தளர்த்துவார். சத்தம் மாறியதும் அக்கா கை தூக்க வேண்டும். முதலில் அவள் கை தூக்கவே இல்லை. துளையை ஊசியால் கொஞ்சம் பெரிதாக்கினேன். பிறகு தூக்கினாள், ஆனால் தாமதமாக. இன்னும் கொஞ்சம். மறுபடி கொஞ்சம். ஒரு கட்டத்தில் பாவா வாரைத் தொட்டதுமே அக்கா கை மேலே போனது. அதே இயர்போனோடு அவள் திரும்பி, "இப்ப அடி அடியாதான் கேக்குது, இடி இல்ல," என்றாள். அந்தத் துளையின் அளவை ஊசியோடு எடுத்துக்கொண்டு போய்ச் சாரிடம் கொடுத்தேன். அவர் அக்காவை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று விசாரித்தார். பாதிதான் விளையாட்டு.

கம்பெனி அதை விற்க மறுத்துவிட்டது. இடது பக்கம் வேலை செய்யாத இயர்போனை என்ன சொல்லி விற்பது என்று மேலாளர் கேட்டார். உண்மையைச் சொல்லி என்றார் சார். அது எங்கள் தொழிலில் வழக்கமில்லை. கடைசியில் சோதனைக்காக என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மூட்டையில் இருந்ததையெல்லாம் மாற்றிச் செய்து, பாபு மூலமாகச் சும்மா கொடுக்க ஏற்பாடு செய்தார் சார். சிலர் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், சிலர் தூக்கி எறிந்தார்கள். கொடுத்த வாரத்திலேயே பாபு போன் செய்தான், சிரிப்பை அடக்க முடியாமல். ஒருத்தர் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துவிட்டாராம், இதில் இடது சுத்தமாகவே வரவில்லை என்று. யார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா பொறுப்பேற்றாள். இரண்டு காதிலும் இயர்போன் இல்லாமல் தறிக்குப் போனால் மத்தியானம் சோறு வராது என்று சொல்லிவிட்டாள். ஒரு நாள் நிஜமாகவே வரவில்லை. மறுநாளிலிருந்து பாவா இரண்டு காதிலும் போட்டுக்கொண்டார். தனக்குத் தூசு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் போட்டிருப்பதாகப் பக்கத்துத் தறிக்காரர்களிடம் சொல்லிவைத்தார். அவர் போடுவதைப் பார்த்து அவர்களும் தூசுக்குப் பயந்தார்கள். வருடாவருடம் ரப்பர் மாற்றவும், ஒயர் ஒட்டவும் நான் போய்வந்தேன்.

கோதண்டம் சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றார். போகும்போது முறுக்கு டப்பாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் போகும்போது அதை வைத்துக்கொள்ள ஆளில்லை. இப்போது கம்ப்யூட்டரே மென்று பார்த்துவிடுகிறதாம். ஒயர் போய்விட்டது. ஒரு பக்கத்தை மட்டும் காதில் போட்டால் முழுப் பாட்டும் தானாக அந்தப் பக்கம் வந்துவிடுகிறது. வெளிச்சத்தத்தை அளவாக உள்ளே விடவும் வசதி இருக்கிறது. நாங்கள் அக்காவின் கையையும் தையல் ஊசியையும் வைத்துச் செய்ததை ஒரு சிப் செய்கிறது, நன்றாகவே செய்கிறது. எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

பிரிவுபசாரத்தில் பிள்ளைகள் எனக்கு அப்படி ஒரு ஜோடியைத்தான் பரிசாகக் கொடுத்தார்கள். பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். வாட்ஸ்அப்பில் சிரித்தார்களே, அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அம்மையார்குப்பம் போனேன். பாவா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டையும் அவர் காதில் வைத்து, பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முகம் மலர்ந்தது. முடிந்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஜோராகீது. லெஃப்ட் மட்டும் கொஞ்சம் ரிப்பேர்," என்றார்.

வேலை பார்த்த காலமெல்லாம் நான் சோதித்து அனுப்பிய எதையும் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. "ஆமாங்க பாவா, எங்க கம்பெனி சரக்கே மட்டம்," என்று அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டி, இரண்டையும் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினார். நான் எழுந்து, அவருக்கு வலப்பக்கம் தள்ளி, சமையலறை வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்த அக்காவிடம் போனேன். அவள் காதருகே குனிந்து, அவளுக்கே கேட்டிருக்குமோ என்னவோ, அவ்வளவு மெதுவாக, "இயர்போனுக்கு ஒண்ணும் இல்லக்கா, காதுக்குத்தான்," என்றேன்.

பாவா திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்:

"ரைட்டு நல்லா கேக்குது சரசு."